மறுமொழி: ‘சிறுதொகுதி’க்குப் பதில் ‘ஈடு’?

குழுவினருக்கு வணக்கம். மெக்சிகோவின் அகேவ் செடிச் சாராயமான மெஸ்கலைப் பற்றிய நம் பதிவில், ‘ஸ்மால் பேட்ச்’ (small batch) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> மெஸ்கல் பதிவுக்கு ‘சிறுதொகுதிக் கைவினைக் கற்றாழைச் சாராயம்’ பொருந்துமா?

நான்கு சொல்லில் இரண்டு எனக்கு இடறுகின்றன.

வெறும் ‘கற்றாழை’ என்றால் வாசகர் சோற்றுக்கற்றாழையைத்தான் நினைப்பார். அது வேறு குடும்பம். மெஸ்கலுக்கு உரிய அகேவ், நம்மூர் ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் இனம். பெரும்பாலான வகைகள் வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடிந்துவிடும். இந்தத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது: பூந்தண்டு கிளம்பும்போதே வெட்டிவிட்டால், பூவுக்குப் போகவேண்டிய சத்து அடித்தண்டிலேயே தங்கிவிடும். ஆகவே பொதுப்பெயராக ‘ஆனைக்கற்றாழை’ இருக்கட்டும். எஸ்படின், தொபலா போன்ற வகைப்பெயர்களை அப்படியே எழுதலாம்.

அடுத்தது ‘தொகுதி’. அதைக் கேட்டால் எனக்கு எம்.எல்.ஏ. முகம்தான் வருகிறது, அது போகட்டும். ‘சிறு’ என்பதில்தான் பெரிய சிக்கல். மெக்சிகோவின் 2016ஆம் ஆண்டு தரவிதி மெஸ்கலை மூன்றாகப் பிரிக்கிறது: வெறும் மெஸ்கல், கைவினை மெஸ்கல், மூதாதையர் வழி மெஸ்கல். இந்தப் பிரிவு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதில்லை, எப்படிச் செய்தார்கள் என்றுதான் பார்க்கிறது. கைவினை வகையில் செம்பு வாலைக்கும் (வடிகலத்துக்கும்) இயந்திரத் துருவிக்கும் இடம் உண்டு. மூதாதையர் வழியில் இரண்டும் கூடாது. நேரடி நெருப்பில் மண்பானையில்தான் வடிக்க வேண்டும்.

அப்படியானால் விற்பவர்கள் ‘சிறிய பேட்ச்’ என்பது எதை? மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் செய்வதைப் பாருங்கள். தரையில் தோண்டிய குழியில் விறகு எரித்து, அதன்மேல் கற்களைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். மடல்களைச் செதுக்கி எடுத்த அடித்தண்டுகளைக் கல்லின் மேல் குவித்து, சக்கை, பாய், மண் என்று மூடிவிட்டால் சில நாள் வேகும். தண்டில் இருப்பது ஃப்ரக்டான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அது சூட்டில் உடைந்து ஃப்ரக்டோஸ் என்ற எளிய சர்க்கரை ஆன பிறகுதான் ஈஸ்ட் அதைத் தொடும். மெஸ்கலின் புகைமணமும் இந்தக் குழியில்தான் ஏறுகிறது. வெந்ததை மரச்சம்மட்டியால் இடிப்பார்கள், அல்லது குதிரை இழுக்கும் தஹோனா என்ற கல்லுருளையில் நசுக்குவார்கள். பிறகு நாரோடு சேர்த்து மரத்தொட்டியில் ஊறல் போடுவார்கள். பெரும்பாலும் ஈஸ்ட் வாங்கிச் சேர்ப்பதில்லை. காற்றிலும் தொட்டியிலும் இருப்பதே வேலை செய்யும். குளிர்காலம் என்றால் ஊறல் தயாராக நாள் கூடும். அதன்பின் வழக்கமாக இருமுறை வடிப்பு.

ஒருமுறை மூடிய குழியில் நடுவில் ஒன்றும் சேர்க்க முடியாது. அந்தக் குழியின் செடி, விறகு, அந்த வாரத்து வெயில் எல்லாம் சேர்ந்து வடிவதுதான் ஒரு ‘லோத்தே’ (‘பேட்ச்’ என்பதற்கு ஸ்பானியச் சொல்). அடுத்த குழி வேறு மாதிரி வரும். அதனால்தான் நல்ல புட்டிச் சீட்டில் ஊர், செடி வகை, வடித்தவர் பெயர், லோத்தே எண் எல்லாம் இருக்கும்.

இதற்கு நம் அடுக்களையில் சொல் தயாராக இருக்கிறது: ஈடு. முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்கிறோமே, அதுதான். ஒரு தடவைக்கு இட்டது ஈடு. ‘குழியீடு’ என்று சொல்லவும் ஆசைதான். ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் கைநடுங்காமல் ‘குறியீடு’ என்று திருத்திவிடுவார்.

---

> ஈடு என்றால் அடமானம், இழப்பீடு என்றெல்லாம் தோன்றாதா ஐயா? ‘சிற்றீடு’ என்று எழுதினால் வங்கி விளம்பரம் மாதிரி இருக்கிறது. ‘சாராயம்’ என்பதும் உறுத்துகிறது. சித்த மருத்துவத்தில் வாலையில் வடிப்பதற்குத் ‘தீநீர்’ என்ற சொல் உண்டே?

‘சிற்றீடு’ வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன் அம்மா. தனிச்சொல்லாக ‘ஈடு’ மட்டும் போதும். ‘மூன்றாம் ஈடு, தொபலா’ என்று படிப்பவருக்கு அடமானம் நினைவுக்கு வராது. பக்கத்துச் சொல் பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

தீநீர் நல்ல சொல். ஆனால் ஓமத்தீநீர் குடித்து வளர்ந்தவர்கள் மெஸ்கலை வயிற்றுவலி மருந்து என்று எடுத்துக்கொள்வார்கள். ‘சாராயம்’ என்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டாம். இலங்கையில் அது கடைப்பலகையிலேயே இருக்கும் சொல். மெஸ்கலும் மெக்சிகோவில் நெடுங்காலம் ஏழைகளின் குடியாகத் தாழ்வாகப் பார்க்கப்பட்டதுதான்.

இலங்கையிலிருந்து இன்னொரு சொல்லும் எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தார் பனங்கள்ளை வடிக்கும் திக்கம் ஆலையை ‘வடிசாலை’ என்கிறார்கள். மெஸ்கல் வடிக்கும் இடத்துக்கு மெக்சிகோவில் மாநிலத்துக்கு ஒரு பெயர்: ஓஹாக்காவின் பலெங்கே, துராங்கோவின் வினாத்தா, ஹலிஸ்கோவின் தபெர்னா. மூன்றுக்கும் அது பொதுச்சொல்லாகும்.

வடிப்பில் முதலில் வருவதை முதல்வடி, பிறகு நடுவடி, கடைவடி எனப் பிரிக்கலாம். பல வடிப்பாளர்கள் வீரியத்தைத் தண்ணீர் விட்டுக் குறைப்பதில்லை. முதல்வடியும் கடைவடியும் அளவாகச் சேர்த்துத்தான் சரிசெய்கிறார்கள். எனவே இந்த மூன்று சொற்களும் பதிவில் திரும்பத் திரும்ப வரும். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

பதிவின் முதல் வரிக்கு என் வரைவு: ‘மெஸ்கல்: ஆனைக்கற்றாழையின் அடித்தண்டை வேகவைத்து, நசுக்கி, ஊறலிட்டு வடிக்கும் மெக்சிகச் சாராயம், மரபான வடிசாலைகளில் குழிக்கு ஓர் ஈடாகச் செய்யப்படுவது.’