புதுப்பிப்பு: டீசல் கார் நடுக்கம் நின்றது, இன்ஜெக்டர் மேல் குற்றமில்லை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மூன்றாவது சிலிண்டருக்குப் புது இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) போட்ட பிறகும் ஐடிலில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகையில்) கார் நடுங்குகிறது, பி0269 என்ற பிழைக் குறியீடு (மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றோடு ஒத்து வேலை செய்யவில்லை என்பது) அழித்தாலும் திரும்பி வருகிறது என்று. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள், பார்த்தாயிற்று, அது நன்றாகவே இருக்கிறது.

விஷயம் வேறு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசலைத் தெளிக்கும் அளவில் நூலளவு வித்தியாசம் இருக்கும், அதைச் சரிக்கட்டத்தான் அதன் தலையில் ஒரு குறியீட்டை அச்சடித்திருக்கிறார்கள், அதை ஈசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எழுத வேண்டும். மாற்றிய ஒர்க்‌ஷாப்பில் எழுதவே இல்லை! என் 800 ரூபாய் புளூடூத் அடாப்டர் பிழைக் குறியீட்டைப் படிக்கும், அழிக்கும், அவ்வளவுதான். எழுதுவதற்கு அந்த வண்டிக்கான மென்பொருளோடு வரும் ஸ்கேனர் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அது இருந்தது.

டார்ச் அடித்து, கரியைத் துணியால் துடைத்து இன்ஜெக்டர் குறியீட்டின் 16 எழுத்தையும் படித்தோம். 8-ஐ பி என்று தட்டிவிட்டேன், ஈசியு ஏற்கவில்லை. அப்புறம் அண்ணன் முதலில் பேட்டரிக்கு சார்ஜரை மாட்டச் சொன்னார், எழுதும்போது வோல்டேஜ் இறங்கினால் ஈசியுவே போய்விடலாம் என்றார். சரி, மாட்டினோம், இக்னிஷன் மட்டும் ஆன், இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டது.

400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். நடுக்கம் இல்லை, பிழைக் குறியீடும் வரவில்லை. குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் லேசாகத் தட்டுகிற சத்தம், அதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.