சர்க்கரை உள்ள பூனைக்குத் தண்ணீர்: எவ்வளவு, எந்த வழியில்?

மாயவரத்துக்காரர் (கேள்வி)

ஆண் பூனை, 11 வயது, 4 கிலோ. கிளார்ஜின் இன்சுலின் காலையும் இரவும் 1 யூனிட். கிண்ணத்தில் ஊற்ற ஊற்றக் காலி. மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. இவ்வளவு குடித்தும் ஈறு பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சாப்பாடு உலர் தீனி, இடையில் கொஞ்சம் பால்சோறு. நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சரி? ராத்திரி கிண்ணத்தை எடுத்துவிட்டால் மூத்திரம் குறையும் என்கிறார்கள், செய்யலாமா? சித்திரை வெயிலுக்கு இளநீரோ ஓஆர்எஸ்ஸோ தரலாமா?

கொள்ளிடக்கரை

கிண்ணத்தை மட்டும் எடுத்துடாதீங்க சார். குடிப்பதால் மூத்திரம் போகவில்லை. மூத்திரமாகப் போய்விடுவதால் குடிக்கிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 250–290ஐத் தாண்டினால் பூனையின் சிறுநீரகத்தால் அதை முழுக்கத் திரும்ப உறிஞ்ச முடியாது. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். எறும்பு வருவதும் அதற்குத்தான். நீரிழிவு என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? கிண்ணத்தை எடுத்தாலும் மூத்திரம் போய்க்கொண்டேதான் இருக்கும், உடம்புதான் வற்றும்.

கணக்கு: கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லி. உங்கள் பூனைக்கு 200 மில்லி, தீனியில் இருக்கும் நீரும் இதில் அடக்கம். குடிப்பது மட்டுமே 400 மில்லியைத் தாண்டினால் இன்சுலின் அளவு, சிறுநீரகம், மூத்திரக் கிருமித்தொற்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அளக்கும்போது நம்ம ஊர் வெயில் ஏமாற்றிவிடும். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் எடுத்து இரண்டிலும் 500 மில்லி ஊற்றுங்க. ஒன்று பூனைக்கு, மற்றது அதே அறையில் பூனை எட்டாத இடத்தில். மறுநாள் பூனைக் கிண்ணத்தில் 130 மிச்சம், சாட்சிக் கிண்ணத்தில் 40 குறைந்திருக்கிறது என்றால் குடித்தது 330. மூன்று நாள் சராசரியை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்க. “நிறையக் குடிக்குது டாக்டர்” என்பதைவிட அது பத்து மடங்கு உதவும்.

குடவாசல் மீன்முள்

தண்ணீரைத் தீனி வழியாக ஏற்றுவதுதான் சுலபம். உலர் தீனியில் நீர் பத்து சதவீதம்தான். 50 கிராம் தின்றால் 5 மில்லி. ஈரத் தீனியில் 80 சதவீதம் வரை நீர். 80 கிராம் பாக்கெட் மூன்று போட்டால் அதிலேயே 190 மில்லி. ஒவ்வொரு வேளையும் மேலே 15 மில்லி வெந்நீர் கலந்தால் வாசனை தூக்கும், நக்கிவிடும்.

ஆனால் ஒரே நாளில் மாற்றாதீங்க. மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பழைய அளவு இன்சுலினே அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, 7–10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டு குளுக்கோமீட்டரில் காதோர ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே மாற்றணும். 60க்குக் கீழே போனாலோ, தள்ளாடினாலோ ஈறில் தேன் தடவிவிட்டு டாக்டருக்குப் போன்.

பால்சோறை இன்றோடு நிறுத்துங்க. சோறு சர்க்கரையை ஏற்றும், பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதற்குப் பதில் 100 கிராம் மீனோ எலும்பில்லாத கோழியோ அரை லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து வடிகட்டிய சாறு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. ஐஸ் தட்டில் உறையவைத்தால் வேளைக்கு ஒரு கட்டி. கருவாட்டுச் சாறு வேண்டவே வேண்டாம், உப்பு.

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்றும் பாருங்க. சீர்காழி, நாகை கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பு ஏறியிருந்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றுங்க. மீசை இடிக்காத அகலக் கிண்ணம், எவர்சில்வரோ பீங்கானோ, மூன்று இடத்தில். பூனை மூத்திரம் போகும் மண் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீங்க.

ஊசிமருந்து

இளநீர், ஓஆர்எஸ் இரண்டும் வேண்டாம். ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. இளநீரில் சர்க்கரையோடு பொட்டாசியமும் அதிகம்.

ஈறு ஒட்டுகிறது என்றால் ஏற்கெனவே நீர் வற்றியிருக்கிறது, தள்ளிப்போடாமல் காட்டுங்க. தோலை இழுத்துப் பார்க்கும் சோதனையை வயதான பூனையிடம் நம்ப முடியாது, தோலே தளர்ந்திருக்கும்.

டாக்டர் தோலடியில் திரவம் ஏற்றச் சொன்னால், வழக்கமாக ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன். இந்த எடைக்கு ஒரு தடவை 100 மில்லி அளவில் இருக்கும். டிஎன்எஸ் பாட்டிலை எடுத்துவிடாதீங்க, அதில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை. தோளில் எழும்பும் வீக்கம் முன்னங்கால் பக்கம் இறங்கி சில மணி நேரத்தில் வடியும், பயம் வேண்டாம். அந்த வீக்கத்தில் இன்சுலின் போடக் கூடாது, ஏறுவது சீராக இருக்காது. இதயக் கோளாறு இருந்தால் திரவம் நுரையீரலில் தேங்கும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

வாந்தி, தீனி மறுப்பு, சுருண்டு படுப்பது, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை: இது கீட்டோன், இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம். தோலடித் திரவம் போதாது, நரம்பில் ஏற்றணும், அன்றைக்கே. பக்கத்தில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்க.

மாயவரத்துக்காரர்

நன்றி. ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயில் ஊற்றலாமா?

ஊசிமருந்து

தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கட்டாயம் என்றால் தலை நேராக, கன்னத்து ஓரமாக, 1 மில்லி. விழுங்கிய பிறகு அடுத்தது. சோர்ந்து கிடக்கும் பூனைக்கு அதுவும் கூடாது.

சிரிஞ்ச் என்றதும் ஞாபகம் வருது. உங்கள் இன்சுலின் சிரிஞ்ச் மூடி சிவப்பா, ஆரஞ்சா? கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு. சிவப்பு மூடி 40க்கானது. அதில் 1 கோடு இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். இன்று ராத்திரி ஊசிக்கு முன்னால் பார்த்துச் சொல்லுங்க.