[கலைச்சொல்] ரணகள்ளி, கற்றாழை: இரவில் அமிலம் சேர்க்கும் வழிக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மூலிகைச் செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நிலவேம்பும் துளசியும் சி3 (வழக்கமான ஒளிச்சேர்க்கை வகை), அதில் வம்பில்லை. ரணகள்ளியும் சோற்றுக்கற்றாழையும் வரும் அட்டவணைப் பத்திக்குப் பாடநூலில் உள்ள 'கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம்' கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'கேம்' (CAM) என்று சுருக்கினால் பிள்ளைகள் விளையாட்டு என்றே படிப்பார்கள்.

தமிழாசிரியர்:
'இராப்புளிமம்' என வையுங்கள். இராப்பகல், இராப்பிச்சை போல ஒற்று மிகும். அமிலம் வடமொழி அம்லத்தின் வழி வந்தது, புளி நம்முடையது. தேமா புளிமா படித்தவர்களுக்கு இது புளிக்கவா போகிறது? ரணகள்ளி இலையின் குணமே நாக்கில்தான் பிடிபட்டது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன், அது காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்றாகிறது, மாலையில் கசக்கிறது என்று எழுதியது 1815இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வந்தது.

தாவரவியல் ஆய்வகம்:
கையேட்டில் இலையை மென்று பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உண்டு. தரம் பார்த்தலே (காரத்தைச் சொட்டவிட்டு அமிலத்தை அளப்பது) போதும். ஒரே செடியில் ஒத்த வயதுள்ள முதிர்ந்த இலைகள்; விடியுமுன் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. 5 கிராம் அரைத்து, 50 மி.லி. வாலைவடிநீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். அதில் 10 மி.லி.க்குப் பினாப்தலீன் நிறங்காட்டி 2 சொட்டு, பிறகு இளஞ்சிவப்பு வரும்வரை 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். விடியல் இலைக்குக் காரம் பல மடங்கு செலவானால் இரவில் அமிலம் சேர்க்கும் வகை. பத்து மணிக்குப் பறித்தால் அமிலம் பாதி கரைந்திருக்கும், முடிவு குழப்பும். சாற்றின் பச்சை இளஞ்சிவப்பை மறைத்தால் நீர்த்துப் பாருங்கள். கற்றாழையில் சோற்றை வழித்தெறிந்துவிட்டுப் பச்சைத் தோலை மட்டும் எடுங்கள், ஒளிச்சேர்க்கை அங்கேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஒளிச்சேர்க்கை எங்களுக்கு ஒளித்தொகுப்பு, வளர்சிதை மாற்றம் அனுசேபம். 'புளிமம்' இங்கு ஒருவருக்கும் விளங்காது. அதோடு இரவில் மலிக்கமிலம் சேர்வது பாதிதான். பகலில் இலைவாய் மூடியிருக்க, அந்த அமிலம் உடைந்து வரும் காபனீரொட்சைட்டில் (கரிவளி) தானே ஒளித்தொகுப்பு? பருப்புக்கீரையை எங்கே போடுவீர்கள்? அது சி4 என்ற இன்னொரு ஒளித்தொகுப்பு வகை, தண்ணீர் இல்லாது போனால் இரவில் அமிலமும் சேர்க்கும்.

தமிழாசிரியர்:
ஒன்றைக் கவனியுங்கள். இரா, இருள், இரும்பு, எல்லாம் கருமையில் பிறந்தவை. 'இருந்தை' என்றால் கரி! கரிவளியை இரவில் பிடிக்கும் செடிக்கு இதைவிட…

மொழிபெயர்ப்பாளர்:
இருந்தை இருக்கட்டும் ஐயா, வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. தனிமடலிலும் பலர் 'இரவமில வழி' என்றே சொல்லியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன். பருப்புக்கீரைக்கு இரண்டு பத்தியிலும் குறி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பகல் விடுபட்டுப் போச்சு. சரி, அடிக்குறிப்பிலாவது எழுதுங்கோ.

தமிழாசிரியர்:
'இரவு' முற்றியலுகரம், ஆனாலும் உகரம் கெட இலக்கணம் இடம் கொடுக்கிறது, புணர்ச்சியில் குறையில்லை. 'அமில'த்துக்கு என் மறுப்பு நிற்கிறது.