ஒர்க்ஹவுஸ் 'பணிமனை' ஆகுமா?

வணக்கம்.

அயர்லாந்துப் பெரும்பஞ்சம் பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். ஒர்க்ஹவுஸ், அதாவது வேலை வாங்கிக்கொண்டு ஏழைகளைத் தங்கவைத்து உணவளித்த விடுதி, என்பதற்கு நேராகப் 'பணிமனை' என்று இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுவோம். பணிமனை என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் பேருந்துகள்தான் நினைவுக்கு வரும். அடுத்து வந்த 'உழைப்பில்லம்' இன்னும் சிக்கல். காதுக்கு மதிப்பாக ஒலிக்கிறது. 'சத்திரம்' என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். பசித்து வருகிறவரை வா என்று அழைப்பது சத்திரம். ஒர்க்ஹவுஸையோ, யாரும் எளிதில் வந்துவிடக் கூடாது என்று திட்டமிட்டே கட்டினார்கள்.

வறியவர்களுக்கு உதவி வழங்குவதற்கான 1838-ஆம் ஆண்டின் ஏழைச் சட்டம் அயர்லாந்தை 130 வட்டாரங்களாகப் பிரித்தது. வட்டாரத்துக்கு ஒரு ஒர்க்ஹவுஸ். வெளியே இருக்கும் மிக ஏழையான கூலிக்காரரின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பது கடினமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அதனால் நுழைந்தவுடன் குடும்பத்தைப் பிரித்தார்கள்: கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகளிலும் ஆண் தனி, பெண் தனி. சொந்தத் துணியை வாங்கிக்கொண்டு சீருடை கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கல் உடைக்கும் வேலை. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அடுத்த ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய முழுதும் அழுகிப்போன பிறகு, இதை வெறுத்து ஒதுங்கியிருந்தவர்களே வாசலில் வந்து நின்றார்கள். 1850-இல் 2,50,000 பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள்.

இந்த வற்புறுத்தல் சொல்லுக்குள் இருக்க வேண்டும். என் பரிந்துரை 'வறியோர் கொட்டடி'. ஐரிஷ் மொழியில் மக்கள் அதை 'ஏழைகளின் வீடு' என்றே சொன்னார்கள். 'வேலை' என்ற சொல்லே அதில் இல்லை. நாமும் அதை விட்டுவிடலாம்.

பட்டியலில் இன்னொன்று. 'இந்திய மாவு' என்பதைத் திருத்த வேண்டும். பிரிட்டிஷ் பிரதமர் பீலின் அரசு 1845-இல் அமெரிக்காவிலிருந்து வாங்கியது மக்காச்சோளம். அதற்கும் இந்தியாவுக்கும் தொடர்பில்லை.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

மக்காச்சோளம் சரி. கொட்டடிதான் உறுத்துகிறது. கொட்டடி என்றால் சிறைக் கொட்டடி, பூட்டு. ஒர்க்ஹவுஸில் இருந்தவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேற உரிமை இருந்தது. கலைச்சொல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது என் கருத்து. 'வறியோர் இல்லம்' போதாதா?

இன்னொரு கேள்வி: பசித்தவர்களுக்கு இலவசமாகச் சூப் ஊற்றிய 'சூப் கிச்சன்' என்பதை அப்படியே விடலாமா?

---

வணக்கம்.

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். வெளியேறும் உரிமை உண்மைதான். ஆனால் குடும்பத் தலைவர் வெளியேறினால் குடும்பம் முழுவதும் கூடவே வெளியேற வேண்டும். எங்கே போவார்கள்? 1847 ஜூனில் வந்த கால் ஏக்கர் விதியை நினைத்துப் பாருங்கள். நம் கணக்கில் 25 சென்ட். அதற்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதைக் கைவிட்டால்தான் அரசு உதவி கிடைக்கும். நிலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவருக்குத் திரும்பிப் போகக் குடிசைகூட இருக்காது. பல இடங்களில் நிலக்கிழார்கள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கதவு பூட்டாமலே அடைபட்டிருந்தார்கள். மேலும் கொட்டடி சிறைக்கு மட்டும் உரிய சொல் அன்று. மாட்டுக்கும் கொட்டடி உண்டு, அதில் பூட்டு இல்லை. 'இல்லம்' என்றால் வாசகர் முதியோர் இல்லத்தை நினைப்பார். அதுவும் ஒரு தீர்ப்புத்தான், தவறான தீர்ப்பு.

சூப் கிச்சனுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட மொழி நம்முடையது, 'கஞ்சித்தொட்டி' கையில் இருக்கிறது. அங்கே பல இடங்களில் ஊற்றியதும் மக்காச்சோள மாவைக் கிண்டிய கஞ்சிதான். 1847 கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதை நம்பியிருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்துக்குள் அரசு அதை நிறுத்திவிட்டது. பிறகு பஞ்சப்பட்டவர்களுக்கு ஏழைச் சட்டம்தான் கதி. ஆகவே கட்டுரையில் கஞ்சித்தொட்டியும் கொட்டடியும் அடுத்தடுத்த பத்திகளில் வரும்.

---

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. தலைச்சொல் 'வறியோர் கொட்டடி', விளக்கத்தில் ஒர்க்ஹவுஸ், ஐரிஷ் வழக்கின் பொருளாக 'ஏழைகளின் வீடு'. 'கால் ஏக்கர் விதி' தனிப் பதிவு. 25 சென்ட் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.