வோல்வோ 850 ஐந்து சிலிண்டர் எஞ்சின்: பின்பக்க ஒயில் கசிவுக்குக் கியர்பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

மாலைநிலவன்:

வணக்கம் உறவுகளே. வயது காரணமாக வாகனம் ஓட்டுவதை நிறுத்திக்கொண்ட அயல்வீட்டு முதியவர் ஒருவரிடமிருந்து, 1994 ஆம் ஆண்டு மாதிரி வோல்வோ 850 ஸ்டேஷன் வாகன் ஒன்றைக் கடந்த இலையுதிர் காலத்தில் வாங்கினேன். டேர்போ இல்லாத 2.5 லிட்டர், இருபது வால்வு எஞ்சின், மனுவல் கியர்பொக்ஸ், ஓடிய தூரம் 3,12,000 கிலோமீற்றர். முதியவர் பெரும்பாலும் கடைக்கும் தேவாலயத்துக்குமாகச் சிறு தூரங்களே ஓட்டியிருக்கிறார்.

இப்போது கியர்பொக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்திலிருந்து ஒயில் சொட்டுகிறது. ஏறத்தாழ 1,500 கிலோமீற்றருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியுள்ளது. எஞ்சின் நன்றாகச் சூடான பின் நிறுத்தி வைத்து ஓடவிட்டால், டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) குழாயிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. குளிர் அதிகமான காலைகளில் உடனே உயிர் பெறாது. பெற்றாலும் சில நிமிடங்களுக்குப் பெற்றோல் நாற்றம் அடிக்கும். சும்மா ஓடும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கமும் உண்டு.

இங்குள்ள ஒரு கராஜில் காட்டியபோது, கிராங்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பின் சீல், அதாவது ஒயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது, கியர்பொக்ஸைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை நான் வாகனத்துக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். இந்த எஞ்சினின் அடிப்படை விபரங்களும், இதில் வழக்கமாக வரும் பழுதுகளும் தெரிந்தவர்கள் சொன்னால், செலவு செய்வதா கைவிடுவதா என்று முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

கறள்:

மாலைநிலவன், காசைக் கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பாதி மிச்சம். உங்கள் சீல் பழுதாகியிருக்கலாம், ஆனால் அது நோயல்ல, நோயின் அடையாளம்.

முதலில் விபரங்கள். எஞ்சினில் பொறித்திருக்கும் குறியீடு பி 5254 என்று தொடங்கும். சுவீடியர்களின் கணக்கில் பி என்றால் பென்சின், அதாவது பெற்றோல். 5 என்பது சிலிண்டர்கள். 25 என்பது 2.5 லிட்டர், கடைசி 4 ஒரு சிலிண்டருக்கான வால்வுகள். உதிரிப்பாகம் வாங்கும்போது வாகனத்தின் பெயரைவிட இந்த எண்ணையே நம்புங்கள், ஏனென்றால் அதே 850 இல் வந்த டேர்போ எஞ்சின் 81 மி.மீ. துளையும் (சிலிண்டரின் உள்விட்டம்) 2,319 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டது, உங்களுடையது 83 மி.மீ. துளை, 90 மி.மீ. அடிநீளம் (பிஸ்டன் நகரும் தூரம்), 2,435 கன செ.மீ. அழுத்த விகிதம் 10.5க்கு 1. வலு 170 குதிரைவலு, முறுக்குவிசை 220 நியூட்டன் மீற்றர். பிளொக்கும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) ஹெட்டும் (அதை மூடும் மேற்பகுதி) அலுமினியம், சிலிண்டர்களின் உள்சுவர் வார்ப்பிரும்பு. 1991 இல் 850 உடன் அறிமுகமான இந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கத்துக்காகக் குறுக்காக வைக்கப்பட்டது. அந்த அகலத்துக்குள் ஐந்து சிலிண்டர்களை அடக்கியது அக்காலத்தில் பெரிய வேலை.

எரியும் வரிசை 1-2-4-5-3. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும் 720 பாகையை ஐந்தால் வகுத்தால் 144 வரும். ஒரு சிலிண்டரின் வலு அடி முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால்தான் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இல்லாத ஒரு சீரான ஓட்டமும், அந்தத் தனி முழக்கமும் கேட்கின்றன. (அந்த முழக்கத்துக்காகவே இதை வைத்திருப்பவன் நான்; ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்து வாசியுங்கள்.) ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் எஞ்சின் முனைக்கு முனை தள்ளாடப் பார்க்கும், அதைத் தாங்குவது ரப்பர்கள். எஞ்சினின் மேற்புறத்தில் பின்சுவரோடு இணைக்கும் தண்டின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் நடுக்கத்துக்கு அது போதுமான காரணம், விலையும் அற்பம்.

இனி ஒயில் கதை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாய் அமைப்பு உண்டு. பிளொக்கின் முன்பக்கத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்த்தொகுதி) அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. வாயுவில் கலந்த ஒயிலை அது பிரித்துக் கீழே விட, மிச்ச வாயு குழாய்கள் வழியாக எஞ்சினுக்கே உறிஞ்சப்படும். சிறு தூரம் மட்டும் ஓடும் வாகனத்தில், குளிர் நாட்டில், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமலே நிற்பதால் நீராவியும் ஒயிலும் சேர்ந்து களியாகி இந்தப் பெட்டியை அடைத்துவிடும். வழி அடைபட்ட வாயு வேறு வழி தேடும்: டிப்ஸ்டிக் குழாய், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீல்கள், கடைசியாகக் கிராங்கின் பின் சீல். உங்கள் முதியவரின் தேவாலயப் பயணங்கள் இந்த நோய்க்கு அச்சொட்டான வாழ்க்கை வரலாறு.

சோதிப்பதற்கு ஒரு ரப்பர் கையுறை போதும். எஞ்சினைச் சூடாக்கி, ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் கையுறையை இழுத்து மாட்டுங்கள். உள்ளே உறிஞ்சப்பட்டுச் சுருங்கினால் மூச்சுக்குழாய் நலம். ஐந்து விரலும் எழுந்து நின்று உங்களுக்கு வணக்கம் சொன்னால், கியர்பொக்ஸைத் தொடாதீர்கள்.

திருகாணி:

கறள் அண்ணா சொன்ன நோயறிதலோடு உடன்படுகிறேன். ஆனால் அழுத்தத்தில் பல ஆண்டுகள் இருந்து காய்ந்து இறுகிய சீல், மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்ததும் மறுபடி மென்மையாகிவிடாது. கசிவு குறையும், முற்றாக நிற்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அதைவிட அவசரமான ஒன்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிராங்கையும் கேம்ஷாஃப்ட்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். அதன் பிறகு சீலைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிராது. கிலோமீற்றர் கணக்கைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயது ஏறும், பெல்ட் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு கையில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட்டோடு உருளைகள், தண்ணீர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ரோலிக் டென்ஷனர் ஆகியவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், ஏனென்றால் தண்ணீர் பம்ப் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. டென்ஷனரின் தண்டைச் சுற்றி ஒயில் ஈரம் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. முன்பக்கக் கேம் சீல்களும் கிராங்கின் முன் சீலும் அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு, கண்ட கண்ட பாகங்களை மாற்றாமல் முதலில் பழுதுக் குறியீட்டை வாசியுங்கள். உங்கள் ஆண்டு மாதிரிக்குக் கணினி தேவையில்லை. எஞ்சின் அறையில் மூடியிட்ட இரண்டு சிறிய கறுப்புப் பெட்டிகள் இருக்கும். ஏ என்று குறித்த பெட்டியில் தொங்கும் சிறு வயரை 2 ஆம் துளையில் செருகி, சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், பொத்தானை ஒரு நொடிக்கு மேல் அழுத்துங்கள். சிவப்பு விளக்கு மூன்று இலக்கங்களை மின்னிக் காட்டும். 1-1-1 என்றால் குறை எதுவும் பதிவாகவில்லை.

மாலைநிலவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. கையுறை நிமிர்ந்து நின்றது. அருகில் நின்ற மகள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு 1-2-3 என்று மின்னியது, மூன்று முறை செய்தும் அதே எண். பெல்ட்டுக்கான பற்றுச்சீட்டு எதுவும் ஆவணங்களில் இல்லை. இன்னொன்று: மேல் மூடியின் ஓரத்திலும் ஒயில் ஈரம் தெரிகிறது. அதற்கான காஸ்கெட்டை (இடைவெளியை அடைக்கும் தகடு) கடையில் கேட்டேன், அப்படி ஒன்றே இல்லை என்கிறார்கள். இணையத்தில் மின்னணுத் த்ரொட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) பழுதாவது பற்றியும் நிறைய வாசித்தேன். அதுவும் எனக்கு வருமா?

சாவிக்கொத்து:

கடைக்காரர் சொன்னது சரி. நீங்கள் மூடி என்று நினைப்பது உண்மையில் ஹெட்டின் மேற்பாதி. கேம்ஷாஃப்ட்கள் அதற்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே காஸ்கெட் கிடையாது, காற்றுப்படாத இடத்தில் இறுகும் திரவப் பசையை மெல்லிய ரோலரால் பூசி மூடுவார்கள். சாதாரண சிலிக்கோனைத் தாராளமாகப் பூசிய எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். பிதுங்கிய துண்டுகள் ஒயில் வழிகளுக்குள் போய்விடும். ஈரம் மட்டும்தான் என்றால் அதைத் தொடவே வேண்டாம். மூச்சுக்குழாய் சரியானதும் பாருங்கள்.

1-2-3 என்பது கூலன்ட் வெப்பநிலை சென்சரின் சமிக்ஞை பிழை. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாவிட்டால் பெற்றோலை அது எப்படி அளந்து விடும்? சென்சர் தேர்மோஸ்டாட் பொருந்தியிருக்கும் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. தேர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மின்னணுத் த்ரொட்டில் தொல்லை 1999 மாதிரிகளிலிருந்து வந்தவற்றுக்கு உரியது. உங்களுடையது கேபிளால் இழுபடுவது, அந்தக் கவலையை விடுங்கள்.

கறள்:

வரிசை இதுதான்: பெல்ட், பிறகு மூச்சுக்குழாய், பிறகு சென்சர். சீல் காத்திருக்கட்டும். மேனிஃபோல்டைக் கழற்றும்போது கீழ் வரிசைப் போல்ட்களை முழுவதும் எடுக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். அந்தத் துளைகள் திறந்த வாயுள்ளவை, மேனிஃபோல்ட் மேலாக எழுந்து வந்துவிடும். பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். அது பொருந்தும் இடத்தில் பிளொக்கில் இருக்கும் துவாரங்களையும், மேனிஃபோல்டுக்குப் போகும் சிறு குழாயின் முனையையும் சுரண்டித் திறக்க வேண்டும். சுரண்டிய கரி உள்ளே விழாமல் வெற்றிட உறிஞ்சியைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் நல்லது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

மாலைநிலவன்:

மூன்று வார இறுதிகள் கழித்து எழுதுகிறேன். பெல்ட்டை மட்டும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். கழற்றிய பெல்ட்டை வளைத்துப் பார்த்தபோது பல்லடியில் வெடிப்புகள் தெரிந்தன. மற்றவற்றை நானே செய்தேன். பிளொக்கின் கீழ்த் துவாரம் முழுவதும் அடைத்து, கல்லுப்போல் இறுகியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் தட்டித்தான் திறந்தேன். இப்போது கையுறை உள்ளே உறிஞ்சப்படுகிறது, டிப்ஸ்டிக்கில் புகை இல்லை, விளக்கு 1-1-1 காட்டுகிறது. மேல் புஷ்ஷை மாற்றியதும் நடுக்கமும் போய்விட்டது. திருகாணி சொன்னது போலவே பின்பக்கச் சொட்டு முற்றாக நிற்கவில்லை. ஆனால் 1,000 கிலோமீற்றர் ஓடிய பின்பும் டிப்ஸ்டிக்கில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கவில்லை. கிளட்ச் தேய்ந்து எப்படியும் கியர்பொக்ஸ் இறங்கும் நாளில் சீலையும் மாற்றிக்கொள்கிறேன். அதுவரை கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்திருக்கிறேன்.