ரேடியல் எத்தனை போட்டாலும் மாடலில் 36 ஓம்தான் வருகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். 40 மீட்டர் அமெச்சூர் வானொலி பேண்டுக்கு, 7.1 மெகாஹெர்ட்ஸில், கால் அலை வெர்ட்டிகல் (அலைநீளத்தில் கால் பங்கு உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஆண்டெனா) ஒன்றை ஈசிநெக் என்ற ஆண்டெனா மாடலிங் மென்பொருளில் வரைந்து பார்க்கிறேன். உயரம் சுமார் 10.2 மீட்டர். அடி முனை z=0 (தரைமட்டம்), தரையோடு இணைந்திருக்கிறது. தரை வகை 'ரியல், மினிநெக்'. ரேடியலே (அடியிலிருந்து சுற்றிலும் விரியும் கம்பி) இல்லாமல் ஓட்டினால் அடி முனையின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) 36 ஓம். 5 செ.மீ. உயரத்தில் 4 ரேடியல் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே 36. 16 ஆக்கினாலும் அசையவில்லை. மண்ணை மாற்றினாலும் அப்படியே. ஆனால் புல்தரையில் 8 ரேடியல் விரித்து நிறுத்திய நிஜ ஆண்டெனாவில் அனலைசர் (இம்பீடன்ஸ் அளக்கும் கருவி) 55 ஓம் காட்டுகிறது. எதை நம்புவது? இன்னும் கம்பி வாங்குவதா வேண்டாமா என்பது இதைப் பொறுத்துத்தான்.

பதில் 1:
அனலைசரை நம்புங்கள். மினிநெக் வகைத் தரையில் கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தையும் இம்பீடன்ஸையும் கணக்கிடும்போது தரை இழப்பே இல்லாத முழுக் கடத்தி. நீங்கள் கொடுத்த மண் எண்கள் தொலைபுல வரைபடத்துக்கு (தொலைவில் எந்தக் கோணத்தில் எவ்வளவு அலை போகிறது என்ற படம்) மட்டும்தான் போகின்றன. மண்ணை மாற்றிவிட்டு எலிவேஷன் படத்தைப் பாருங்கள், அது மாறியிருக்கும். தரையே முழுக் கடத்தி என்றால் ரேடியலுக்கு அங்கே என்ன வேலை?

தரையை 'ஹை அக்யூரசி'க்கு மாற்றுங்கள். அப்புறம் அடி முனையை z=0-இலிருந்து எடுத்துவிடுங்கள். ஈசிநெக் பயன்படுத்தும் நெக்-2 என்ற கணக்கு நிரலில் நிஜ மண்ணைத் தொடும் கம்பி நம்பகமான ஓம் தராது; செக்மென்ட் (மாடலில் கம்பியைப் பிரிக்கும் துண்டு) நீளத்தை மாற்றினாலே விடை மாறும். ரேடியல், வெர்ட்டிகல் எல்லாம் 5 செ.மீ. உயரத்தில் ஒரே புள்ளியில் சேரட்டும். அலைநீளம் 42 மீட்டர், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். சோர்ஸை (மின்சாரம் ஊட்டும் இடம்) வெர்ட்டிகலின் அடி செக்மென்ட்டில் வையுங்கள். பக்கத்து ரேடியல் செக்மென்ட்டுகளும் அதே நீளத்தில் இருந்தால் நல்லது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், இப்போது எண்ணிக்கைக்கு ஏற்ப ஓம் மாறுகிறது. நன்றி! ஆனால் 4 ரேடியலில் ரெசொனன்ஸ் (ஆண்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) கீழே இறங்கிவிட்டது. மாடலில் ஏதும் கோளாறா?

பதில் 2:
கோளாறு இல்லை, நிஜத்திலும் அப்படித்தான். மண்ணை ஒட்டிக் கிடக்கும் கம்பியில் அலை மெதுவாகச் செல்லும். காற்றில் கால் அலையாக வெட்டிய ரேடியல் அங்கே கால் அலையை விட நீளமாகிவிடுகிறது. 'கரண்ட்ஸ்' அட்டவணையைத் திறந்து ஒரு ரேடியலின் எண்களை அடியிலிருந்து வரிசையாகப் படியுங்கள். உச்சம் அடியில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருந்தால் மண்ணில் இழப்பு கூடுகிறது என்று அர்த்தம். அந்த நான்கையும் மாடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடக் கூட இந்தத் தொல்லை தேய்ந்துவிடும். புதைத்த ரேடியல் வேண்டுமென்றால் நெக்-2 உதவாது, நெக்-4 அல்லது நெக்-5 வேண்டும்.

பதில் 3:
கம்பிக் கேள்விக்கு வருகிறேன். 55-இல் 36 போக 19 ஓம். அதை முழுக்கத் தரை இழப்பு என்று எடுத்தால் செயல்திறன் 36/55, சுமார் 65 சதவீதம்; இழப்பு 1.8 டெசிபல். இது தோராயம்தான், ஏனென்றால் ரேடியலும் மண்ணும் மாறும்போது கதிர்வீச்சு மின்தடையும் (அலையாக வெளியேறும் ஆற்றலுக்கான ஓம்) அந்த 36-இல் நிற்காது. இந்தக் கணக்குப்படி மீட்க முடிந்தது மொத்தமே சுமார் 2 டெசிபல்தான். என் யோசனை: 16 வரை போங்கள், அதற்கு மேல் கிடைப்பது சொற்பம்.

கேட்டவர்:
சரி, 16 வரை போகிறேன். ஒவ்வொரு நான்குக்கும் அளந்து, மாடலின் எண்ணோடு சேர்த்து இங்கேயே போடுகிறேன்.