எதிர்புரோட்டானுக்கு 1.88 போதுமா, 5.63 வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டைவாசி:
என் அக்கா மகள் சேலத்தில் இளநிலை இயற்பியல் படிக்கிறாள். தேர்வில் வந்த கேள்வி: "நிலையாக இருக்கும் புரோட்டான் மீது இன்னொரு புரோட்டானை மோதவிட்டு எதிர்புரோட்டானை உண்டாக்கக் குறைந்தது எவ்வளவு இயக்க ஆற்றல் வேண்டும்?" 1.88 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் என்று எழுதினாள் (ஆற்றலின் அலகு; ஜிகா என்றால் ஆயிரம் மில்லியன். கீழே அலகில்லாமல் வரும் ஆற்றல், நிறை எண்களும் இதில்தான்). விடை 5.63 என்று சொல்லி முழு மதிப்பெண்ணையும் பிடித்துவிட்டார்கள். எதிர்புரோட்டான் என்பது புரோட்டானின் அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட துகள். அது தனியாகப் பிறக்காது, துணைக்கு ஒரு புரோட்டானும் வரும். ஒன்றின் நிறை 0.938, இரண்டுக்கு 1.88. ஐன்ஸ்டீன் சமன்பாடு கேட்பது அவ்வளவுதானே? மீதி மூன்றே முக்கால் எங்கே போனது?

மலையடிவாரம்:
முன்னே ஓடிப்போனது ஐயா. பிள்ளை நிறையைக் கணக்கில் எடுத்தாள், உந்தத்தை விட்டுவிட்டாள். பாய்ந்து வந்த புரோட்டானின் உந்தம் மோதலுக்குப் பிறகும் அப்படியே இருந்தாக வேண்டும். ஆகவே மிஞ்சும் நான்கு துகள்களும், அதாவது பழைய இரண்டும் புதிய இரண்டும், நிற்க முடியாது. மிகச் சிக்கனமான மோதலில்கூட ஒவ்வொன்றும் 0.938 இயக்க ஆற்றலோடு ஓடும். நான்குக்கு 3.75. கூட்டிப் பாருங்கள்.

கொலுசுப் பட்டறை உங்கள் தெருவிலேயே இருக்கும். வெள்ளிக் கம்பியைப் பட்டறைக்கல் மேல் வைத்துத் தட்டினால் தட்டையாகிறது. அதையே நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் துள்ளி விலகும். சுத்தியல் ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். நிற்கும் புரோட்டான் நூலில் தொங்கும் கம்பி மாதிரி.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
என் தந்தை நாற்பது ஆண்டுகள் அந்தக் கல்லின் முன் உட்கார்ந்தவர். அதை வைத்தே கேட்கிறேன். 1955இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் செக்ரே, சேம்பர்லின் குழு எதிர்புரோட்டானைக் கண்டபோது இலக்காக வைத்தது செப்பு. அந்தக் கட்டி அசையாதே, அதுவே பட்டறைக்கல் ஆகாதா? செம்பில் சுமார் 4.3 போதும் என்றும் படித்தேன். அப்படியானால் 5.63 என்பது மாறாத எண் இல்லை.

மலையடிவாரம்:
4.3 உண்மைதான். நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் காரணம் கட்டியின் கனம் அல்ல. அணுக்கருவில் ஒரு துகளைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 8 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். வந்து விழும் அடியோ ஆறாயிரம் மில்லியன். அந்தக் கட்டு நூலுக்குக்கூடச் சமமில்லை. கருவுக்குள் துகள்கள் ஓயாமல் அலைகின்றன. எதிர்த்திசையில் வரும் ஒன்றின் மேல் அடி விழுந்தால் தேவை குறைகிறது. கேள்வியில் இருப்பதோ "நிலையாக" என்ற சொல்.

கன்னங்குறிச்சி மாணவன்:
அந்த எதிர்த்திசைதான் எல்லாமே. இரண்டு புரோட்டான்களையும் நேருக்கு நேர் விட்டால் மொத்த உந்தம் சுழி, தலைக்கு 0.94 போதும், அக்கா எழுதிய 1.88 அப்படியே சரியாக வரும். புரோட்டான்களை மோதவிடும் ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் 6,500 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானை நிற்கும் புரோட்டான் மீது விட்டிருந்தால், புதிய துகளுக்கும் பழையவற்றுக்கும் சேர்த்து சுமார் 110தான் கிடைத்திருக்கும். ஹிக்ஸ் துகளின் நிறை 125. பிறந்தே இருக்காது! அதனால்தான் அங்கே இரண்டு கற்றைகளை எதிரெதிரே சுற்றவிடுகிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
110 என்பதை நானும் போட்டுப் பார்த்தேன், வருகிறது. 5.63ஐ ஏற்கிறேன். ஆனால் இரட்டையாகத்தான் பிறக்கும் என்று அறிந்து 1.88 வரை வந்தவளுக்குச் சுழியம் போட்டது அநியாயம். அந்தப் படிக்குப் பாதி மதிப்பெண்ணாவது உண்டு.

மலையடிவாரம்:
கால்வாசி தருவேன். "நிலையாக" என்ற சொல்லைப் படிக்காமல் விட்டதற்குப் பாதி தர மாட்டேன்.